மோர் குடித்த புலி

"எத்தனை வருஷத்து அழுக்குங்க. புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க வந்துக்கிட்டே இருந்துச்சு" என்று மனைவி சகாயம்மாள் பெருமையோடு நீட்டியதைப் பார்த்ததும் இருதயநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவள் கையில் இருந்தது, பட்டாளத்துத் தொப்பியில் குத்தும் பித்தளைப் புலித்தலை. முதல் உலகப் போரில் மெசபடோமியா வரை போய்வந்தது என்று சந்தையில் பழைய சாமான் விற்கும் பிச்சை என்பவர் சத்தியம் பண்ணி விற்றது. அந்த அழுக்குதான் அதற்கு அத்தாட்சி. இப்போது அது நேற்று வாங்கிய சொம்பு மாதிரி மின்னியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் பழம்பொருள் கண்காட்சி. பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தாவான இருதயநாதன், தான் வருஷக்கணக்கில் சேர்த்த பட்டாளத்துச் சின்னங்களை முதல் தடவையாக ஊருக்குக் காட்டப்போகிறார். ஊர் என்றால் முக்கியமாக ஸ்ரீரங்கம் அழகிரிக்கு.

அழகிரியும் இதே பைத்தியம்தான். ஆனால் தன்னிடம் உள்ளதெல்லாம் அசல் என்பார். நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார். "நம்ம இருதயநாதன் சார் சின்னமெல்லாம் ஒரு படையெடுப்புதான் பாத்திருக்கு. பிச்சை கடையிலேருந்து சார் வீட்டுக்கு." எல்லாரும் சிரிப்பார்கள். இருதயநாதனும் சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. மற்றது எப்படியோ, புலி மட்டுமாவது அழகிரியின் வாயை அடைக்கும் என்று அவர் மலைபோல் நம்பியிருந்தார்.

பளபளப்பைப் போக்க அதை மோரில் ஊறப்போட்டார். மறுநாள் புலிக்குத் தேமல் படர்ந்திருந்தது. தேமலை மறைக்க அடுப்புப் புகையில் காட்டினார். புலி கறுப்புப் பூனையாகிவிட்டது. உப்பும் எலுமிச்சையும் அப்பி வாழை மரத்தடியில் புதைத்துப் பார்த்தார். தோண்டி எடுத்தபோது பச்சைக்கிளி நிறம். ஆத்திரத்தில் கத்தியால் சுரண்டியதில் ஒரு காதும் போயிற்று.

அசல் இப்படியா பச்சோந்தி மாதிரி நிறம் மாறும்? இதுவும் போலிதான், அழகிரி சொன்னதுதான் சரி என்று முடிவுகட்டி, அவர் போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். கேட்டால் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்.

சகாயம்மாள் போர்வையைப் பிடுங்கினாள்.

"அவரு சிரிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே சிரிச்சுட்டா, அவரு என்னங்க பண்ணுவாரு? எல்லாம் போலின்னு நீங்களே எழுதி வைங்க."

இருதயநாதன் எழுந்து உட்கார்ந்தார். பேனாவைத் தேடினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் வந்தவர்கள் நேரே அவர் மேஜைக்குத்தான் போனார்கள். மேலே 'அக்மார்க் போலிகள்' என்று பலகை. ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு அட்டை. 'பிளாசிப் போர். செய்தது போன தீபாவளிக்கு.' 'இந்த நட்சத்திரத்தில் ஒரு முனை குறையும். தேவைப்படுவோர் அடுத்த சந்தையில் கேட்கவும்.' புலிக்கு, 'மோர் குடித்த புலி. போரில் தப்பி எங்கள் வீட்டில் காதை இழந்தது.'

சிரிப்பு வாசல் வரை கேட்டது. அழகிரியின் கண்ணாடிப் பெட்டி அருகே ஈ காக்கை இல்லை. போதாக்குறைக்கு, பாக்கியமேரி டீச்சர் அந்த முனை குறைந்த நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துவிட்டு அழகிரியின் பெட்டிக்கு நடந்தார். திரும்பி வந்து மறுபடி பார்த்தார். மறுபடியும் போனார்.

"அழகிரி சார், உங்க அசலுக்கும் அதே முனைதான் குறையுது."

கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. அழகிரி செய்தித்தாளை விரித்துப் பெட்டியை மூடினார்.

நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஒவ்வொரு அட்டையாகப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். புலியைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார். முதல் பரிசுக் கோப்பையை இருதயநாதன் கையில் கொடுத்து, இத்தனை நாணயமான சேகரிப்பைத் தான் கண்டதில்லை என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சகாயம்மாள் முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருதயநாதனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிச்சை வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இருதயநாதன் கோப்பையை இறுகக் கட்டிக்கொண்டார். ஆனால் பிச்சையோ, பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு சின்னமாகத் தடவிப் பார்த்துப் பூரித்துக்கொண்டே வந்தார். புலியிடம் வந்ததும் முகம் சுண்டிவிட்டது. எடுத்துப் புரட்டினார். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"என்ன பிச்சை, கோவமா?"

"பின்ன என்ன சார்? மத்ததெல்லாம் நான் அடிச்சது, போலின்னு எழுதினீங்க, எனக்குப் பெருமைதான். இந்தப் புலி செத்துப்போன சுபேதார் ஒருத்தரோட பெட்டியிலேருந்து வந்த அசலு. அசலைக் கொண்டாந்து என் சரக்கோட கலந்து வெச்சா, தொழில்ல என் பேரு கெட்டுடாதா?"