ராயப்பராஜ் எனக்கு மச்சான் இல்லை

பேகம்பூர், திண்டுக்கல்
12-6-1954

மரியாதைக்குரிய சம்பந்தி ஜனாப் அப்துல் ஜப்பார் அவர்களுக்கு, தோல் ஷாப்பு நைனா முகமது சலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீட்டாரும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்பளவில் சுகம். வடமதுரையில் தாங்களும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். மற்ற சுகமெல்லாம் தங்கள் பதிலைப் பொறுத்தது.

என் மகள் நசீம் பானுவின் நிச்சயத்தில் நடந்ததற்கு எந்த முகத்தோடு சமாதானம் சொல்வதென்று தெரியவில்லை. "இம்புட்டுச் சொந்தத்த எங்ககிட்ட மறைச்சிட்டீகளே" என்று கேட்டுவிட்டு, தாங்கள் இலையில் வைத்த வெஞ்சனத்தைக்கூடத் தொடாமல் வண்டி ஏறியது கண்ணிலேயே நிற்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று என் சொந்தமென்று வந்து உட்கார்ந்தவர்கள் யாரும் எனக்குச் சொந்தமில்லை. என் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்ப்பவர்கள்.

தோல் ஷாப்புகளில் இதற்குக் குறைந்து கூலி கொடுக்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்ததும், நான் வாசலில் நின்று, "இந்தக் கூலியக் குடுத்தா பாதிப் பேருக்குத்தான் வேலை, மிச்சப் பேரு சர்க்கார்கிட்டயே போய்க் கேளுங்க" என்று வீறாப்பாகப் பேசி, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினேன். ஆனால் சுண்ணாம்புக் குழியில் கிடந்த தோலுக்கு என் வீறாப்பு தெரியவில்லை, நேரத்துக்குத் தூக்க ஆளில்லாமல் அது பாட்டுக்குக் கூழாகிப்போனது, தெருவே என் வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தியது, வேறு வழியில்லாமல் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டேன், அதுவும் பழைய கூலிக்கே. அடுப்பு எரியாத வீட்டுக்காரர்கள் என்ன பேரம் பேசுவார்கள், வந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கூலி இன்ஸ்பெக்டரும் வந்து நின்றார்.

"கூலிக்காரங்க யாருமில்ல சார், எல்லாம் சொந்தக்காரங்க, கூடமாட ஒத்தாசைக்கு வந்திருக்காங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் குழியருகே வேலையாக நின்ற ராயப்பராஜின் கழுத்துச் சிலுவையைப் பார்த்து, "இவரு?" என்றார். "மச்சான் சார், என் சம்சாரத்தோட கூடப் பொறந்தவரு." தோலில் மயிர் சுரண்டிக்கொண்டிருந்த பேச்சாயியைக் காட்டி, "அந்தம்மா?" என்றார். "அக்கா." அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனார். அதுவரை என்னை முதலாளி என்றே அழைத்த பேச்சாயி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் தம்பி, அப்ப மக நிச்சயத்துக்கு அக்காளக் கூப்பிட மாட்டியாக்கும்?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன்.

அவர்கள் மழுப்பவில்லை. நிச்சயத்தன்று குளித்து வெள்ளை உடுத்தி வந்து, ஜமுக்காளத்தில் பெண் வீட்டார் பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கள் வீட்டம்மா, "பொண்ணோட தாய்மாமன் யாரு?" என்று கேட்டபோது, உடன்பிறந்த ஆணில்லாத என் மனைவி குர்ஷித் பேகம் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் ராயப்பராஜ் எழுந்து, "நான்தேன். சர்க்கார்லயே எழுதியிருக்கு" என்று சொல்லி, தட்டில் ஒரு பட்டுச்சேலையை வைத்தார்.

எல்லாரும் சேர்ந்து எடுத்த சேலை சம்பந்தி. சட்டப்படி சேரவேண்டியதை நான் பிடித்துக்கொண்டது போக, கையில் மிஞ்சியதில் எடுத்தது. அதை நினைத்தால் வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. குர்ஷித்தோ சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்கு ஒரு அண்ணன் வந்துட்டாரு, நீங்க யாருக்கு என்ன வேணாலும் எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆகையால் தெளிவாக எழுதுகிறேன்: ராயப்பராஜ் எனக்கு மச்சான் இல்லை, பேச்சாயி அக்கா இல்லை. அடுத்த மாதம் முதல் எல்லாருக்கும் சர்க்கார் கூலி, ஒருவரையும் நிறுத்தமாட்டேன். என் தலைக்குனிவு மகளின் வாழ்வைத் தொடவேண்டாம். நாள் குறித்து எழுதுங்கள். பெரியவர்களுக்குச் சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

தங்கள் தயவை நம்பியிருக்கும்
நைனா முகமது

பி.கு.: இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வடமதுரைக்கு வந்து தங்களிடம் விசாரிக்கப்போவதாகக் கேள்வி. அடுத்த மாதம் பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுத்து, ராயப்பராஜ் என் மச்சான்தான், நிச்சயத்தில் தாய்மாமன் சேலை வைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பார்த்தது பொய்யில்லையே.