கலர் டாக்டர் பச்சைக்குப் பார்த்த வைத்தியம்

மனித குலம் வெறும் கண்ணை நம்பி மோசம் போனது போதும் என்று விஞ்ஞானம் முடிவெடுத்த பொன்னாள், என் மாப்பிள்ளையின் அச்சகத்துக்கு, அச்சில் கெட்டுப்போன நிறத்தைச் சரிசெய்யும் கலர் டாக்டர் வந்த நாள்தான்.

வரவழைத்தது ஒரு பச்சை. பெயிண்ட் கம்பெனி முதலாளி தன் பெயிண்ட் நிறங்களைக் காட்டும் அட்டையை எங்களிடம்தான் அச்சடிப்பார். அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு. அதில் இலைப்பச்சை திரும்பத் திரும்பப் பாசியாகவே வந்தது. "சரி பண்ணுங்க, இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் எங்கள் பேப்பரில், எங்கள் மையில் கட்டம் கட்டமாக நிறங்களை அச்சடித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருவியை வைத்து நாடி பார்த்தார்.

"கண்ணால பாத்தா தெரியாதா தம்பி?" என்றேன்.

"கண்ணு ஏமாத்தும் ஐயா."

"உங்க பில்லு ஏமாத்தாதா?"

டாக்டர் கருவியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார்.

கடைசியில், இந்தப் பேப்பரில் இந்த மை எப்படி விழும் என்று கணக்குப் போட்டு, 'ப்ரொஃபைல்' என்ற ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் வைத்தார். தொட முடியாது, தூக்கிப் பார்க்க முடியாது. ஆனால் பச்சை பச்சையாகவே வந்தது. "இது இந்தப் பேப்பருக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பில்லைப் பார்த்ததும் 'செலவு மீட்புக் குழு' கூடியது. உறுப்பினர்கள்: மாப்பிள்ளை, என் மகள், நான்.

"எங்கயாவது மிச்சம் புடிச்சே ஆகணும் மாமா."

"பேப்பர்ல புடிங்க மாப்பிள்ளை."

"இந்தப் பேப்பருக்கு மட்டும்னு சொன்னாரேப்பா" என்றாள் மகள்.

"பேப்பர்காரன்கிட்ட கமிஷன் வாங்கறவன் வேற என்னம்மா சொல்வான்?"

தீர்மானம் நிறைவேறியது. மலிவுப் பேப்பர் வந்தது. பாசியும் வந்தது.

முதலாளி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது விஞ்ஞான முறைப்படி வந்த பச்சை" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப விஞ்ஞானத்துக்கே பெயிண்ட் வித்துக்கறேன். கடைசியா ஒரு தடவை பாப்போம்."

டாக்டர் மறுபடி வந்தார், மலிவுப் பேப்பருக்கும் நாடி பார்த்தார், பச்சையைப் பிழைக்க வைத்தார். பில் முன்னதைவிடக் கனமாக இருந்தது. குழு மறுபடி கூடியது. பட்ட அனுபவத்தால், இனிமேல் பேப்பரில் மட்டும் கை வைக்கவே கூடாது என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

மையை மாற்றினோம்.

இப்போது அந்த அட்டை அடுத்த தெரு அச்சகத்தில் ஓடுகிறது. விசாரித்துவிட்டு வந்தேன். அங்கே டாக்டர் முதல் நாள் போட்டுக் கொடுத்த அதே ஒரு ப்ரொஃபைல்தானாம், அதே பேப்பராம், அதே மையாம். மிச்சம் பிடிக்கவே தெரியாத ஆட்கள்.