பெயிண்ட் அடித்த பச்சைக் கார்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். டம்ளர், செருப்பு, அன்பளிப்பாக வந்த கடிகாரம், எதையும் விடுவதில்லை. ஒரு கல்யாண வீட்டில் பாயசக் கிண்ணத்தைக் கவிழ்த்து வேட்டியை நனைத்துக்கொண்டதும் உண்டு. இன்று இதைக் கெட்ட பழக்கம் என்று ஒத்துக்கொள்கிறேன். இருபத்தைந்து வயதில் இதற்கு ஞானம் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த ஞானத்தைச் சுமந்துகொண்டு ஒரு நாள் பெண் பார்க்கப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு வில்லாபுரத்தில். வேலை முடிந்ததும் சிநேகிதன் சிக்கந்தரின் ஃபேன்சி கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற பொம்மைக் கார்களைக் கொண்டுவருவார். உலோகத்தில் வார்த்தவை, கனமாக இருக்கும், கதவு திறக்கும். மற்றவர்கள் அவற்றைப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போனார்கள். நான் எனக்கே வாங்கினேன். (வீட்டில் கேட்டால் ஆபீசர் மகனுக்கு என்பேன். அந்த ஆபீசருக்கு மூன்றும் பெண்கள்.)

பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட, அட்டை கிழிந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுதான் எனக்கு வேதம். ஒரே அச்சில் வார்த்த கார் ஆயிரக்கணக்கில் சிவப்பாக வந்திருக்கும். என்ன காரணத்தாலோ கொஞ்சம் மட்டும் பச்சையாக வந்துவிடும். சேகரிப்பவர்கள் அந்தப் பச்சைக்குத்தான் உயிரை விடுவார்கள். உடனே சிவப்பைப் பச்சையாக்கும் கில்லாடிகளும் கிளம்பிவிடுவார்கள். காரின் அடித்தகட்டையும் மேல்கூட்டையும் சேர்ப்பது இரண்டு ரிவிட் ஆணி. அவற்றைத் துளைத்துப் பிரித்து, புதுச் சாயம் அடித்து, மறுபடி ஒட்டிவிடுவார்கள். நம் ஊர் லாரி ஷெட்டுகளில் சொல்வதுபோல, டிங்கரிங் பார்த்த வண்டி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ரிவிட்டின் தலை வழுவழுவென்று காளான் குடைபோல இருந்தால் அசல். கோடோ பசையோ தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். அடுத்து, கதவு இடுக்கிலும் தகட்டின் ஓரத்திலும் பழைய நிறம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வித்தையால் ஒரே ஒருமுறை ஜெயித்திருக்கிறேன். சிக்கந்தரின் கடைக்கு ஒருவர் கொண்டுவந்த வெள்ளி நிறக் காரின் கதவு இடுக்கில் நீலத்தைக் காட்டினேன். அவர் காரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது.

பெண் வீடு திருவாதவூரில். பெண்ணின் அப்பா சோலைமலை மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். பெண்ணின் பெயர் பூங்கொடி. காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது, நான் டம்ளரைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பதைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இது அமைந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அதற்கு நான் செய்ய வேண்டியிருந்த ஒரே காரியம், வாயை மூடிக்கொண்டு காராச்சேவு தின்பது.

பேச்சு வற்றிப்போன ஓர் இடைவெளியில் என் அப்பா, பையனுக்குப் பொம்மைக் காரில் பிரியம் என்று சொல்லிவைத்தார். ஆபீசர் மகன் கதையை அவர் என்றுமே நம்பியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சோலைமலை எழுந்து பூசை அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பச்சைக் காரை எடுத்துவந்தார்.

"இதப் பாருங்க தம்பி. பத்து வருசத்துக்கு முன்னாடி நான் அடுத்தவுக லாரியில டிரைவர். ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க நமக்குன்னு ஒரு சைக்கிள்கூடக் கெடையாது. அந்த வருசம் நம்ம மச்சான் பினாங்குல இருந்து இதக் கொண்டாந்தாரு. இதுவும் வண்டிதானேன்னு இதுக்குப் பொட்ட வச்சேன். மறு வருசமே சொந்த லாரி. இன்னைக்கும் மொதப் பொட்டு இதுக்குத்தான். அப்புறந்தான் லாரிக்கு."

அந்த மச்சான், அதாவது பூங்கொடியின் தாய்மாமா ராமையா, எதிர் நாற்காலியில் காலாட்டியபடி அடக்கமாகச் சிரித்தார்.

சோலைமலை சொன்னது எல்லாமே என் காதில் விழுந்தது. ஆனால் நான் காரைக் கவிழ்த்தாயிற்று. பச்சை, பத்திரிகையில் பார்த்த அதே அபூர்வப் பச்சை. உடனே இன்னொன்றும் கண்ணில் பட்டது. தகட்டின் ஓரம் முழுக்க, ரிவிட்டைச் சுற்றி, கதவு இடுக்கில், எங்கும் காய்ந்து இறுகிய சிவப்பு.

"இது ஒரிஜினல் இல்லீங்க" என்றேன். "சிவப்பு வண்டி. மேல பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

ராமையாவின் கால் நின்றது.

"அப்ப நான் டிங்கரிங் பாத்த வண்டியக் கொண்டாந்து அக்கா வீட்டுக்காரரை ஏமாத்திட்டேன்கிறீகளா?"

"உங்களையும் யாரோ ஏமாத்தியிருப்பாங்க" என்றேன் பெருந்தன்மையாக. (அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது.)

"நிரூபிங்க" என்றார் ராமையா.

லாரி வைத்திருக்கும் வீடுகளில் உள்ள ஒரு தொந்தரவு, கேட்ட கருவி உடனே கிடைத்துவிடும். கை டிரில் வந்தது. சோலைமலைக்கு இதில் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் மச்சானின் மானம் நடுவில் நின்றதால் அவர் தடுக்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து பூங்கொடியின் குரல் கேட்டது.

"அந்த ஆணி தெறந்த மாதிரி இருக்குதுங்களா?"

பார்த்தேன். இரண்டும் வழுவழுவென்று இருந்தன.

"இல்லைங்க."

"தெறக்காம எப்படிங்க பெயிண்ட் அடிச்சிருப்பாக?"

வேதத்தில் முதல் பாடமே அதுதான். அதைப் படிக்காத அவளுக்குத் தெரிந்தது, மனப்பாடம் செய்தவனுக்குத் தெரியவில்லை. "சில கில்லாடிங்க தெறக்காமலே அடிப்பாங்க" என்று அந்த நிமிஷத்தில் ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்துச் சொன்னேன். துளைத்தேன். இரண்டு ரிவிட்டும் பொடியாக உதிர்ந்தன. கூடு தனி, தகடு தனியாக வந்தது.

உள்ளே எங்கும் பச்சை. மூலை முடுக்கெல்லாம் தொழிற்சாலைப் பச்சை. சிவப்பு வெளி ஓரத்தில் மட்டும் இருந்தது. பதற்றத்தில் கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்தச் சிவப்பைத் தேய்த்தேன். விரலோடு வந்துவிட்டது. மெல்ல ஒரு வாசனையும் வந்தது. அன்று காலை அம்மா என் நெற்றியில் வைத்து அனுப்பியதும் அதே குங்குமம்தான்.

பூங்கொடி வெளியே வந்துவிட்டாள். என் விரலைப் பார்த்தாள்.

"போன வருசம் நான் வச்ச பொட்டு" என்றாள். "மறுநா எண்ணெய் தொட்டுத் தொடைப்போம். இடுக்குல எறங்கி நின்னிருக்கும்."

சோலைமலை இரண்டு துண்டாகக் கிடந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று லாரி வைத்திருக்கும் மனிதரின் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பத்து வருஷம் அவர் கும்பிட்ட பொருளை, ஒரு பத்திரிகையை நம்பி, அவர் கண்ணெதிரே உடைத்திருக்கிறேன். சிவந்த விரலை அவர் முன்னால் நீட்டி, "தப்பு என்னோடதுங்க. வண்டியும் அசல், கொண்டுவந்த மாமாவும் அசல்" என்றேன்.

அவர் இரண்டு துண்டையும் ஒரு துணியில் முடிந்து என் மடியில் வைத்தார்.

"நம்ம ஷெட்டுல பிரிச்சவந்தான் மாட்டணும். மாட்டிக் கொண்டாங்க. மத்ததப் பொறகு பேசுவோம்."

மதுரை வந்து சேரும்வரை பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அப்பா மட்டும், "ஆபீசர் மகன் என்ன சொல்றான்?" என்று ஒருமுறை கேட்டார்.

சிக்கந்தர் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தான்.

"மாப்ள, இம்புட்டு நாளா யாரக் கள்ளப்பயன்னு திட்டினியோ, இனி அவன் பாத்த வேலையத்தான் நீ பாக்கணும்."

அதுதான் நடந்தது. ஏமாற்றுக்காரர்கள் செய்வதை எல்லாம் அந்தப் பத்திரிகையிலிருந்தே படித்துச் செய்தேன். பித்தளைக் கம்பியை அறுத்து, துளையில் இறக்கி, தலையைத் தட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். இரண்டு வாரம் ஆயிற்று. இடுக்கிலிருந்த குங்குமத்தை மட்டும் தொடவில்லை. என் ஆயுளில் அவ்வளவு நேர்த்தியான வேலை செய்ததில்லை. ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சிக்கந்தர் கையடித்துச் சொன்னான்.

ஆயுத பூசைக்கு முந்தைய நாள் காரோடு திருவாதவூருக்குப் போனேன். பூங்கொடி வாங்கினாள், கவிழ்த்தாள்.

"தட்டின தடம் தெரியுது. புது ஆணி" என்றாள். எண்ணி மூன்று நொடி. பிறகு அப்பாவிடம் திரும்பி, "இத இனி பூசையில வைக்கலாமாப்பா?" என்று கேட்டாள்.

சோலைமலை காரை வாங்கித் தரையில் உருட்டிப் பார்த்தார். நான்கு சக்கரமும் ஓடின.

"ஏன் வைக்கக் கூடாது? ஒருக்காவாச்சும் ஒர்க்ஷாப்புக்குப் போயிட்டு வந்தாத்தான் அது வண்டி. இம்புட்டு நாளும் பொம்மையா இருந்துச்சு" என்றவர், என்னைப் பார்த்து, "நாளைக்குப் பூசைக்கு இருந்து சாப்பிட்டுப் போங்க, மாப்ள" என்றார். அதுவரை நான் தம்பியாக இருந்தேன்.

தை மாதம் கல்யாணம். இப்படிப்பட்ட முட்டாளுக்கு ஏன் சம்மதித்தாய் என்று பூங்கொடியிடம் பிறகு கேட்டேன். "அந்த வெரல பேண்ட்டுல தொடச்சு மறைக்காம அப்பாகிட்ட நீட்டுனீகல்ல, அதான்" என்றாள்.

அந்தக் கார் சீதனமாக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. சில வருஷம் கழித்து, கார் சேகரிக்கும் ஒருவர் வந்து அதைக் கவிழ்த்துப் பார்த்தார். "அபூர்வமான அசல். எவனோ ஒரு மடையன் திறந்து பாழாக்கியிருக்கான்" என்றார். காப்பித் தட்டோடு வந்த பூங்கொடி, "ஆமாங்க, நல்லா இருக்காரு, உங்க எதுக்கத்தான் உக்காந்திருக்காரு" என்றாள்.

இன்றும் ஆயுத பூசையன்று முதல் பொட்டு அதற்குத்தான். அடுத்துதான் என் ஸ்கூட்டருக்கு. குங்குமம் வைத்த விரலோடு பூங்கொடி பிள்ளைகள் முன்னாலேயே என்னைக் கூப்பிடுவாள்.

"பெயிண்ட் அடிச்சாச்சு. வந்து கவுத்திப் பாத்துச் சொல்லுங்க, ஒரிஜினலா இல்லையான்னு."

நான் போய்க் கவிழ்த்துப் பார்ப்பேன்.