கிளாத்தி மாப்பிள்ளை

உயிரா மானமா என்று வந்தால் புத்தியுள்ளவன் முதலில் உயிரைப் பார்ப்பான். நான் இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றப் போய், மாமியார் வீட்டையே அம்புலன்ஸில் ஏற்றினேன்.

நாங்கள் கொடிகாமத்துத் தோட்டக்காரர். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே குறைவு. வாங்கினாலும் அம்மா செதிலைப் பார்த்துத்தான் பைக்குள் போட விடுவார். செதில் இல்லாமல் பல்லை நீட்டிக்கொண்டிருந்தால் அது பேத்தை, தின்றவன் நாக்கு விறைத்துச் செத்துப்போவான் என்பது அவருடைய மீன் சாஸ்திரம். கடலைப் பற்றி நான் படித்ததும் அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் மயிலிட்டியில் வள்ளம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்ணை விரும்பினேன். பெயர் நிரோஜா. இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து எழுத்து முடித்தோம். (பதிவுத் திருமணத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.) தாலி கட்ட இன்னும் நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் மாமி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

வெள்ளை வெளேரென்ற சதை, முள்ளுத் தொல்லை இல்லை, நல்ல உறைப்பான குழம்பு. கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன். கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் மீன் கழுவிய பிளாஸ்டிக் பேசினுக்குள் கிடந்த தலையைக் கண்டேன். சின்ன வாய், அதற்குள் முயல் பல், உச்சியில் ஆணி போல ஒற்றை முள். பக்கத்தில் சட்டை கழற்றியது போல முழுதாக உரித்த தோல். மருந்துக்கும் ஒரு செதில் கண்ணில் படவில்லை. உடனே எனக்கு உதடு விறுவிறுத்தது. (அது மாமியின் மிளகாய்த்தூள் வேலை என்று இப்போது தெரியும்.)

சந்தேகத்தைச் சொன்னால் கலியாணம் குழம்பும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளையே மிஞ்சமாட்டான். சிநேகிதன் ஒருவன் மோட்டார் சைக்கிளால் விழுந்துவிட்டான் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். வீட்டுக்காரர்களின் வயிறு கடலுக்குப் பழகியிருக்கும் என்று வழிநெடுக என் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொன்னேன். வெட்கக்கேடு.

பேத்தை தின்றுவிட்டேன் என்றதும் டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேறு யார் சாப்பிட்டது என்று கேட்டார். வீட்டில் எல்லோரும் என்றேன். உடனே விலாசம் வாங்கினார்கள். அம்புலன்ஸ் புறப்பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது. முகம் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டு, கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன்.

மிச்சத்தை எல்லாம் கதவுக்கு உள்ளே நின்றுதான் கேட்டேன். அம்புலன்ஸில் வீட்டார் எல்லோரும் வந்து இறங்கினார்கள், மாமி பேசினையும் கையோடு கொண்டுவந்திருந்தார். வாடை கதவுக்குக் கீழால் வந்தது.

"தோலைத் தடவிப் பாருங்கோ டொக்டர், அரம் மாதிரி இருக்கும்," என்றார் மாமா. "இது கிளாத்தி. பேத்தையை நான் மருமோனுக்குக் குடுப்பனே?"

டொக்டர் சிரித்தார். பிறகு வரிசையில் இருந்த நோயாளிகளும் சிரித்தார்கள்.

சாகமாட்டேன் என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அப்படியொரு நிம்மதி. ஆனால் வெளியே வரத் துணிவில்லை. எழுதிய எழுத்தை அழிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? நேர்ஸ் தட்டினார், மாமா தட்டினார், நான் தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் நிரோஜா வந்தாள்.

"கிளாத்தியும் இப்பிடித்தான்," என்றாள். "கடலடியில சாதாழைப் புல்லுக்குள்ள தலைகீழா நிண்டு, நிறத்தை மாத்தி ஒளிச்சிருக்கும். துரத்தினா பொந்துக்குள்ள பூந்து முள்ளை நிமித்திப்போடும். பிறகு ஆர் இழுத்தாலும் வராது."

"மாமாவுக்குக் கோவமே?" என்று கதவோடு கேட்டேன்.

"மருமோன் பாவம், கடல் தெரியாமல் வளந்த பிள்ளை எண்டு டொக்டருக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறார். முள்ளை மடக்கிப்போட்டு வெளியில வாங்கோ."

வந்தேன். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மாமிதான் பேசினை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "சட்டியில இன்னும் கிடக்கு தம்பி, வந்து சாப்பிடுங்கோ," என்றார். போய், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அன்றைக்குப் போல ஒரு மீன்குழம்பு இன்றுவரை வாய்க்கவில்லை.

கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. என் சொந்தப் பெயர் மயிலிட்டியில் பலருக்குத் தெரியாது, கிளாத்தி மாப்பிள்ளை என்றால் வீட்டைக் காட்டுவார்கள். போன கிழமை தண்ணீர் மோட்டரைத் திருத்தப் போய் வீடு முழுக்கக் கரண்டைப் போக்கிவிட்டு, சத்தம் போடாமல் குளியலறைக்குள் போய் நின்றேன். கதவைத் தட்டியது என் மகள். பள்ளிக்கூடம் போக இன்னும் வயது வரவில்லை, ஆனால் தாயின் வசனம் மனப்பாடம்.

"அப்பா, முள்ளை மடக்கிப்போட்டு வாங்கோ."