குளித்துவிட்டு வரும் கள்ளன்

என் சைக்கிளை எவன் எடுக்கிறான் என்று கண்டுபிடிக்கும்வரை தாடி வழிப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை சபதம் எடுத்தேன். புதன்கிழமை, "சுதாகரன், வீட்டிலை ஏதும் துக்கமோ?" என்று மேலதிகாரி கேட்டார். வியாழக்கிழமை வழித்துவிட்டேன். சபதம் போனது. சந்தேகம் போகவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் வீடு சுன்னாகம் ஸ்டேசனிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர். காலையில் சைக்கிளில் போவேன். ஸ்டேசனுக்கு முன்னால் தம்பிஐயா அண்ணையின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. அதன் பக்கத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறுவேன். அங்கே ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞர். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து இறங்கினால், சைக்கிள் வைத்த இடத்திலேயே நிற்கும்.

நிற்கும். ஆனால் சீற் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும்.

ஏறி மிதித்தால் முழங்கால் நாடியில் இடிக்கும். முதலில் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். பிறகு வெள்ளிக்கிழமைகளிலும். அதோடு சீற் ஈரமாக இருக்கும். மழையே இல்லை. சில்லின் ரயரில் வெள்ளை மணல் ஒட்டியிருக்கும். எங்கள் ஊர் மண்ணோ செக்கச் சிவப்பு.

எனக்குக் கோபத்தைவிட ஆவல்தான் கூட. எந்தக் கள்ளன் எடுத்த பொருளைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைப்பான்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பெயர் குணலட்சுமி. நான் குணம் என்று கூப்பிடுவேன். காய்ச்சல் என்று போனால் டொக்டர், "இப்ப குணமோ?" என்று கேட்பார். "வீட்டிலை நிக்கிறா" என்பேன்.

"இஞ்சாரும் குணம், ஆரோ என்ரை சைக்கிளை எடுக்கிறாங்கள்."

"பின்னேரம் நிக்குதோ?"

"நிக்குது."

"அப்ப எடுக்கேல்லை."

"எடுத்து ஓடிப்போட்டுக் கொண்டந்து விடுறாங்கள்."

"அப்ப நல்ல பிள்ளை."

"சீற் ஈரமாய்க் கிடக்கு!"

"வேர்த்திருக்கும்."

"வேர்வை சீயாக்காய் மணக்குமோ?"

குணம் அடுப்புப் பக்கம் திரும்பினாள். "அப்ப குளிக்கிற கள்ளன்," என்றாள்.

அப்போது சைக்கிளில் இருந்தது ஒரு வளையப் பூட்டு. வயது போனது. கொண்டையூசியைக் காட்டினாலே வாயைத் திறந்துவிடும். அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கி வந்தேன். சங்கிலி பெருவிரல் பருமன்.

"நாய் கட்டவோ?" என்றாள் குணம்.

"கள்ளனைக் கட்ட!"

பூட்டு நல்ல பூட்டு. ஆனால் அதைக் காவுவது எப்படி? ஒன்றரைக் கிலோ. ஹாண்டிலில் கொழுவினால் முழங்காலில் அடித்தது. கரியரில் வைத்தால் பள்ளம் கண்ட இடமெல்லாம் இறங்கி நின்றது. இடுப்பில் சுற்றினால் ரயிலில் குந்த முடியவில்லை. கழுத்தில் போட்டுக்கொண்டு போன அன்று ஒரு கிழவர், "தம்பி, எந்தக் கோயில் தேர்?" என்று கேட்டார்.

குணம்தான் வழி கண்டாள். என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி உறை தைத்தாள். அதைச் சீற்றுக்குக் கீழே, குறுக்குக் கம்பியோடு இறுக்கிக் கட்டினாள். பூட்டு அதற்குள் குழந்தைபோல் படுத்துக்கொண்டது.

"பூட்டோடை எத்தினை திறப்புத் தந்தவங்கள்?"

"ரண்டு."

"ஒண்டை இஞ்சை தாங்கோ. நீங்கள் துலைச்சுப்போட்டு ரோட்டிலை நிண்டால்?"

ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு கவனமான மனுசி என்று பெருமைப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓடிவந்து பார்த்தேன். பூட்டுப் பூட்டியபடி இருந்தது. சீற் இறங்கியபடி இருந்தது. ஈரம்!

"பூட்டைத் திறந்திருக்கிறான் குணம்! ஓடிப்போட்டுக் கொண்டந்து திரும்பப் பூட்டியிருக்கிறான்! உவன் சாதாரண கள்ளன் இல்லை."

"பயமாய்க் கிடக்கு," என்றாள் குணம். கொஞ்சம் யோசித்தாள். "ஒரு கூடை போடுங்கோவன்."

"கூடையோ? கள்ளனுக்கும் கூடைக்கும் என்ன?"

"முன்னாலை கூடை இருந்தால் பொம்பிளையின்ரை சைக்கிள் எண்டு நினைப்பான். ஆம்பிளை, வெக்கப்பட்டுத் தொடமாட்டான்."

என்ன மூளை! அடுத்த நாளே கூடை பூட்டினேன். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் கள்ளனை மடக்க ஒரு யோசனை சொன்னாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கண்ணாடி பூட்டினேன். "எடுத்தால் ஊருக்குக் கேக்கும்" என்று பெரிய மணி பூட்டினேன். கள்ளன் ஏன் மணி அடிப்பான் என்று ரயிலில் ஏறிய பிறகுதான் யோசித்தேன். பின் சில்லில் உடுப்புச் சிக்காமல் வலை பூட்டினேன். "பொம்பிளைச் சைக்கிள் எண்டால் முழுக்கப் பொம்பிளைச் சைக்கிளாய் இருக்கவேணும்" என்றாள். கடைசியில் சீற்றுக்குப் பஞ்சு வைத்த உறை. எல்லாம் ஒழுங்காகப் பூட்டினேன். பூட்டு ஒன்றுதான் பூட்டுக்குரிய வேலையைச் செய்யவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் காவல் இருந்தேன். முதல் நாளே திட்டத்தைக் குணத்துக்கு விளங்கப்படுத்திவிட்டுத்தான் போனேன். தேத்தண்ணிக் கடை வாங்கிலில் காலை ஏழு முதல் பின்னேரம் ஐந்து வரை இருந்தேன். பதினாலு பிளேன்ரீ குடித்தேன். யாரும் வரவில்லை.

"அண்ணை, மற்ற நாளிலையெண்டாலும் கள்ளனைக் கண்டனீங்களோ?" என்று தம்பிஐயா அண்ணையைக் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். "கள்ளன் எண்டு ஒருத்தனையும் நான் காணேல்லைத் தம்பி."

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போனேன். சீற் இறங்கியிருந்தது.

"கள்ளனுக்கு என்ரை லீவு தெரிஞ்சிருக்குக் குணம்! எங்கடை திணைக்களத்துக்குள்ளை அவனுக்கு ஆள் இருக்கு!"

"ஐயோ, ஒருத்தரையும் நம்பாதையுங்கோ," என்றாள் குணம்.

அடுத்த செவ்வாய் கூடைக்குள் ஒரு சுருள் கச்சான் கடலை கிடந்தது. பாதி முடிந்திருந்தது. நான் வீட்டுக்கு வரும் வழியில் மீதியை முடித்தேன். கள்ளன் என்றாலும் நல்ல வறுவல். கடதாசியை விரித்துப் பார்த்தேன். கீரிமலைக் கோயில் பூசை நோட்டீஸ்.

வெள்ளை மணல். ஈரம். சீயாக்காய். கீரிமலை! என் கள்ளன் கடற்கரைக் கேணியில் குளிக்கப் போகிறான்!

இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. குணத்துக்கும் சொல்லவில்லை. பாவம், பயந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை வழமைபோல் ஸ்டேசனில் சைக்கிளைப் பூட்டி, ரயில் ஏறி, இணுவிலில் இறங்கினேன். வயிற்றுக்குத்து என்று கந்தோருக்குப் போன் அடித்தேன். இரண்டு பஸ் மாறிக் கீரிமலையில் போய் இறங்கும்போது பத்து மணி.

ஆண்கள் கேணிப் பக்கம் முழுக்கத் தேடினேன். இல்லை. மற்றப் பக்கம் திரும்பினால், என் சைக்கிள். கூடை, கண்ணாடி, மணி எல்லாவற்றோடும் என் சங்கிலியாலேயே கட்டுப்பட்டு நின்றது, பெண்கள் கேணியின் மதிலில்.

கள்ளன் இல்லை. கள்ளி!

என் ஆவல் இரட்டிப்பானது. எப்படிப்பட்ட பெண்ணாக இருப்பாள்? வாசலுக்கு நேரே நின்று, வெளியே வருகிற ஒவ்வொருத்தியையும் உற்றுப் பார்த்தேன். மூன்றாவது ஆள் நின்றுவிட்டாள். தோளில் தலை துடைத்த துவாய்.

"ஆரை அண்ணை பாக்கிறியள்?"

"ஒரு பொம்பிளையை."

"பேர்?"

"தெரியாது."

"ஆள் எப்பிடி?"

"அதுவும் தெரியாது. நனைஞ்சு வெளியிலை வருவா. அப்பதான் பாக்கவேணும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று விளங்கியது. துவாய்க்காரி சத்தம் போட்டாள். உள்ளே இருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். குளிக்க வந்தவர்களும் சைக்கிளோடு சுற்றி நின்றார்கள்.

"ஆரணி, போனை எடு. பொலிசுக்கு அடி!" என்று துவாய்க்காரி பக்கத்தில் நின்றவளிடம் கத்தினாள்.

"பிள்ளையள், நான் அப்பிடியான ஆள் இல்லை. சைக்கிள்..."

அப்போது தலைமயிரைப் பிழிந்தபடி ஒருத்தி வாசலில் வந்தாள். குணம்!

"குணம்! நல்லவேளை வந்தீர். இவைக்குச் சொல்லும், நான்..." என்றேன். அதற்குள் அவள் கையைப் பார்த்துவிட்டேன். என் பூட்டின் மற்றத் திறப்பு.

"அக்கா, உவரைத் தெரியுமோ?" என்று துவாய்க்காரி கேட்டாள்.

பதினெட்டு வருசம் எனக்குச் சோறு போட்ட மனுசி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "கொஞ்சம் பொறுங்கோ. கிட்டப் போய்ப் பாத்துச் சொல்லுறன்."

கிட்ட வந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். சித்திரையிலை. நீச்சல் பழகவேணும், ஒரு சைக்கிள் வாங்கித் தாங்கோ எண்டு. குளிக்கிறதுக்கு வீட்டிலை கிணறு இருக்கெண்டியள்."

சொல்லியிருப்பேன். பேப்பர் பார்த்துக்கொண்டு நான் சொல்கிற எதுவும் எனக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஆனாலும் ஆவல் விடவில்லை. "இப்ப நீந்துவீரோ?"

"இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரைக்கு. நிக்காமல்." அதைச் சொன்னபோது அவள் முகம் கலியாண ஆல்பத்தில்கூட நான் காணாத முகமாக இருந்தது. அது ஒரு நிமிசம்தான். "அது கிடக்கட்டும். கந்தோருக்கெண்டு வெளிக்கிட்ட மனுசன், பொம்பிளையள் குளிக்கிற வாசலிலை என்ன செய்யிறியள்?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

"இனிச் சைக்கிள் எனக்கு," என்றாள். "காலமை ஸ்டேசனிலை உங்களை இறக்கிறன். பின்னேரம் ஏத்துறன்."

"எதிலை, கரியரிலையோ?"

"கூடைக்குள்ளை கொள்ளமாட்டியள்."

"குணம், ஊர் பாக்குமே!"

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "பிள்ளையள், உந்த மனுசனை..."

"ஓம்! ஓம்! ஏறுறன்!"

"...உந்த மனுசனை எனக்கு நல்லாத் தெரியும். என்ரை அவர்தான். நாங்கள் நிம்மதியாய்க் குளிக்கட்டும் எண்டு, சைக்கிளுக்குக் காவல் நிக்க லீவு போட்டிட்டு வந்தவர்."

பெண்களின் முகங்கள் மலர்ந்தன. "முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை!" துவாய்க்காரி தன் சைக்கிளை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினாள். "என்ரையிலை பூட்டில்லை. நானும் இன்னொருக்கா முழுகிப்போட்டு வாறன்." ஆரணியுடையதிலும் பூட்டில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவளுடையதில் பூட்டு இருந்தது, திறப்பில்லை. குணமும் இன்னொரு தரம் நீந்த உள்ளே போனாள்.

பன்னிரண்டரை வரை பதினொரு சைக்கிளுக்குக் காவல் நின்றேன். ஒன்றும் களவு போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.