கூந்தல் பிழியும் அம்மன்

சந்தை ஒலிபெருக்கியில் தினமும் ஒலிக்கும் காலை எட்டு மணி தேசியகீதத்துக்குத் தன் கைபேசிக் கவர் கடையில் எழுந்து நின்ற ரட்சனி மறுபடி உட்காருவதற்குள் முதல் புகார் வந்துவிட்டது.

"இந்தக் கவரைத் திருப்பி எடுத்துக்கக்கா" என்றான் பைக் டாக்சி ஓட்டும் புன்மி.

கைபேசிக் கவரில் பூமித்தாய் தொரணி அம்மன். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படையைக் கூந்தலைப் பிழிந்தே வெள்ளத்தில் அமிழ்த்தியவள். ரட்சனி தன் கையால் தீட்டியது.

"அம்மாகிட்ட என்னடா குறை?"

"குறை என் பேன்ட்டுல. பின் பாக்கெட்டுல போனை வச்சு உட்கார்ந்தா அவங்க தலை மேல உட்கார்றேன். பாவம் சும்மா விடுமா?"

வெறும் படம்தானே என்று அவளால் சொல்ல முடியவில்லை. நன்றாக விலைபோகட்டும் என்று கவர்களைப் பெட்டியோடு கோயிலுக்குத் தூக்கிப்போய்ப் பிக்குவை மந்திரம் ஓதவைத்து எடுத்துவந்தவளே அவள்தான். விற்ற அம்மனைத் திரும்ப வாங்கினால் கடைக்கு ஆகாது. இந்த மாதமும் வியாபாரம் படுத்தால், இந்த வாடகைக் கடை எதிர்வரிசையில் கணவாய் மீன் சுட்டு விற்கிறவளுக்குப் போய்விடும்.

கவருக்குக் கழுத்துக் கயிறு கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் புன்மி அதே கவரை அதே மாதிரி கழுத்தில் தொங்கவிட்ட இன்னும் மூன்று ஓட்டுநர்களைக் கூட்டி வந்தான்.

"இப்ப அம்மா நெஞ்சுல தொங்குறாங்க. கக்கூசுக்குப் போனா எல்லாத்தையும் பாக்குறாங்க."

"வெளிய வச்சிட்டுப் போங்களேன்."

நால்வரும் அவளை முறைத்தார்கள்.

"போன் இல்லாம உள்ள போயி என்னக்கா பண்றது?"

நான்கு கவரிலும் அம்மன் முகத்துக்குச் சின்னத் துணித் திரை தைத்து ஒட்டினாள். சாயங்காலமே அவர்களில் ஒருவன் ஈரக் கைபேசியை உதறிக்கொண்டு வந்தான்.

"முகத்தை மூடினதுல கோவம். போனைக் கால்வாயில தள்ளிட்டாங்க. தண்ணிதான் அவங்க டிபார்ட்மென்ட்டாச்சே!"

ரட்சனி எல்லாத் திரைகளையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் பிக்குவிடம் ஓடினாள்.

"சாமி, ஏத்தின மந்திரத்தை எறக்கிடுங்க."

பிக்கு மொட்டைத் தலையைத் தடவினார்.

"ஏத்தத்தாம்மா தெரியும். எறக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வரல."

வார இறுதியில் கணவாய்க்காரி அளவு நாடாவோடு வந்து கடையின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு இங்க வைக்கலாம்ல, ரட்சனி?"

"எங்க வேணா வை."

ரட்சனி மீதிக் கவர்களை மஞ்சள் துணியில் மூட்டை கட்டி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டாள். பழைய சாமி சிலைகளை எல்லோரும் கொண்டுபோய் விடும் போதிமரத்தடியில் வைத்துவிட்டு வருவதுதான் மரியாதை. மூட்டையைத் தூக்கித் திரும்பினால், புன்மியின் மனைவி வழியை மறித்து நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

ரட்சனி கை குவித்தாள். "நான் வேணும்னு பண்ணலம்மா..."

"மூட்டையை எறக்குங்கக்கா. கல்யாணம் கட்டின நாள்லேருந்து எங்க வீட்டு மனுசன் கக்கூசுக்குப் போயி அஞ்சு நிமிசத்துல வெளிய வந்தது இந்த வாரந்தான். எங்க தெருவுக்கே வேணும், எத்தனை வச்சிருக்கீங்க?"