பென்குயினுக்கு வந்த மிரட்சி

கணினிக் கடைகளுக்கு மேல்மாடியில் அப்படி ஒரு கூட்டம். படிக்கட்டு வரை வரிசை. ஆளுக்கொரு லேப்டாப்பைக் காய்ச்சல் வந்த குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் ஒரே நோய்தான்: கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார்கள், வைஃபை போய்விட்டது. மாடியில் இருக்கும் அலைச்சித்தர் என்கிற சாமியார் தொட்டால் சிக்னல் வருமாம். டாக்டரிடம்கூட இவ்வளவு நம்பிக்கையோடு யாரும் நின்றதில்லை.

வரிசையின் நடுவில் புத்தகங்களுக்குப் பிழைதிருத்துகிறவள் ஒருத்தி கணவரோடு நின்றாள். நாலு மணிக்கு ஒரு பதிப்பகம் லேப்டாப் வழியே நேர்காணல் வைத்திருந்தது. ஆறு மாதமாக வேலையில்லை. இதுவும் போனால் என்ன செய்வது? கணவரோ லினக்ஸை அழித்து அழித்து ஏழு தடவை போட்டவர். உள்ளே இருக்கும் வைஃபை அட்டை லினக்ஸுக்கு ஒத்துவருமா என்று ஒரு தடவைகூடப் பார்க்காதவர்.

"லினக்ஸோட சின்னம் பென்குயின். அது குளிர்தேசத்துப் பறவைம்மா. உங்க வீட்டு அலையைக் கண்டு மிரளுது," என்று சித்தர் முன்னால் இருந்தவர்களுக்கு விளக்கினார். "எல்லாரும் கண்ணை மூடுங்க!"

மூடினார்கள். முணுமுணுவென்று மந்திரம். ஒரு செப்புத் தாயத்து யூஎஸ்பி துளைக்குள் போனது. கண்ணைத் திறந்தால் வைஃபை! கூட்டம் உருகிப்போனது. பிழைதிருத்துகிறவள் மட்டும் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழில் பழக்கம்.

அவள் முறை வந்தது.

"சாமி, மந்திரம் வேண்டாம். தாயத்தை நானே சொருகறேன்."

"மந்திரமில்லாம சொருகினா மதர்போர்டு வெந்துடும்!"

"என்னோடதுதானே? வேகட்டும்."

"ஏம்மா, பெரியவர்கிட்ட விளையாடாதே. மணி மூணரை," என்றார் கணவர்.

"அதனாலதாங்க."

யூஎஸ்பியில் என்னென்ன இருக்கிறது என்று கணினியிடமே கேட்கும் கட்டளையை அடித்தாள். கேமரா ஒன்று, மௌஸ் ஒன்று என்று அது இரண்டு வரி காட்டியது. தட்டிலிருந்து ஒரு தாயத்தை எடுத்தாள்.

"ஆபத்து! எல்லாரும் கண்ணை மூடுங்க!" என்று சித்தர் அலறினார்.

அவள் செருகினாள். மந்திரமில்லாமலே வைஃபை வந்தது. மறுபடி அதே கட்டளை. இப்போது மூன்று வரி. மூன்றாவதை உரக்க வாசித்தாள்: "கம்பியில்லா வலை அட்டை."

தாயத்தைப் பிடுங்கி நகத்தால் செப்புத் தகட்டை உரித்தாள். கீழ்க்கடையில் கூடையில் குவித்து விற்கிற அதே குட்டி வைஃபை அட்டை! சித்தர் அதற்குப் பத்து மடங்கு விலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"சக்தி அதுக்குள்ளதான் இருக்கு!"

"இருக்கு சாமி. இதை இயக்கற மென்பொருள், டிரைவர்னு சொல்வாங்களே, அது லினக்ஸ்ல இருக்கு. எங்க மிஷினுக்குள்ள இருக்கற அட்டைக்கு இல்ல. உங்க சக்தி அவ்வளவுதான்."

சித்தருக்குத் திடீரென்று தியானம் வந்துவிட்டது. உள்ளறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டார். கூட்டம் கதவை இடித்தது.

அவள் கீழே ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பதிப்பகத்தாரின் முகம் திரையில் தெரிந்தது. வேலையும் கிடைத்தது.

மாடியில் ஒரு கணக்காளர் மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"சாமி, திறக்கலாமா?"

அட, அதற்கும் அவரிடம்தான் அனுமதி கேட்க வேண்டுமா? கண்ணை மூடு என்று ஒருவன் சொன்னால், "எதை நான் பார்க்கக் கூடாது?" என்று முதலில் கேளுங்கள் ஐயா!